பூட்டிக் கிடந்த நூலகத்தைத் தோட்டத்திலிருந்து பயன்படுத்தினேன்

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முதல் நாளே விடுதியைக் காலி செய்து, சுங்கை சிப்புட் பக்கம் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். பையில் கல்லூரி நூலகப் புத்தகங்கள் ஐந்து. முதலில் இரண்டு வாரம் என்றுதான் அறிவித்தார்கள். அந்த ஐந்தையும் நான் திருப்பிக் கொடுத்தது ஆகஸ்டில். தாமதக் கட்டணம் ஒரு சென்கூட கேட்கவில்லை, தவணையை அவர்களே தள்ளிப்போட்டார்கள். அதற்கு இன்றும் நன்றி சொல்வேன்.

வீட்டிலிருந்தே மின்னிதழ்களைப் படிக்கும் வசதி முதல் வாரமே திறந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைத் தளமான ஜேஸ்டோரும் அந்த ஆண்டு இலவசக் கணக்குக்கு மாதம் 100 கட்டுரை வரை இணையத்தில் படிக்க விட்டது. ஆனால் வீட்டில் கைப்பேசி இரண்டுதான். அரசாங்கம் அறிவித்த 1 ஜிபி இலவச இணையம் காலை 8 முதல் மாலை 6 வரை. அந்த நேரம் முழுக்க தம்பி தங்கையின் வகுப்பு. என் கைக்குக் கைப்பேசி வரும்போது இருட்டிவிடும். லைன் கிடைப்பது மாரியம்மன் கோயில் திண்ணையில் மட்டும்தான். பாதிக் கட்டுரை இறங்கும்போது இணைப்பு அறுந்து, மறுபடி கடவுச்சொல் கேட்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. என் இறுதியாண்டு ஆய்வு, தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பற்றியது. ரப்பர் தோட்டப் பொருளாதாரம் என்று ஆங்கிலத்தில் தேடினால் கட்டுரைகள் வந்து கொட்டும். எனக்கு வேண்டிய கதைத் தொகுப்புகளோ மூன்றாம் மாடி அலமாரியில் தாளாகத்தான் இருந்தன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இலிருந்து இயங்கும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் பழைய இலக்கியம் ஏராளம். நான் தேடிய உள்ளூர்த் தொகுப்புகள் அங்கும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது நூலக அக்கா ஒருவர். வாட்சாப்பில் கேட்டேன். சுழற்சி முறையில் வேலைக்குப் போகும் நாளில் மாடியேறிப் புத்தகத்தை எடுத்து, பதிப்புரிமை இடம் கொடுத்த அளவு பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவருடைய நீலக் கையுறையின் விரல் நுனி பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் ‘எங்க தாத்தா தோட்டம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை இன்னும் அழிக்கவில்லை.

ஆகஸ்டில் போனபோது, திரும்பி வந்த புத்தகங்களை மேசைகளில் தனித்தனியாகப் பரப்பி மூன்று நாள் வைத்திருந்தார்கள். நூலகப் பொருள்களில் கொரோனாக் கிருமி எத்தனை நாள் தங்கும் என்று பார்த்த அமெரிக்காவின் ரீல்ம் ஆய்வுத் திட்டச் சோதனைகளில், தனியாக வைத்தவற்றில் மூன்று நாளில் காணாமல் போன கிருமி, அடுக்கி வைத்தவற்றில் ஆறு நாள் கழித்தும் தெரிந்தது. அதனால் பரப்பி வைத்தது சரியான வேலை. தமிழ் அலமாரிப் பக்கம்தான் மனசு கனத்துப் போனது. குளிர்சாதனம் மாதக்கணக்கில் ஓடாததால் ஈரம் ஏறி, பல முதுகுகளில் வெள்ளைப் பூஞ்சணம். என் கதைத் தொகுப்பிலும்தான்.

பட்டம் வாங்கிய பிறகும் முன்னாள் மாணவர் அட்டையில் அந்த நூலகத்துக்குப் போகிறேன். மின்னிதழ்ச் சேவை இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. தமிழ் அலமாரியை இன்னும் மின்னாக்கம் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கருத்துப் படிவத்தில் அதை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் கல்லூரியிலும் அப்படி ஓர் அலமாரி இருந்தால், நீங்களும் எழுதிக் கொடுங்கள்.