பசுமைக் கட்டுமானம் கற்கச் சான்றிதழ்த் தேர்வா, இணைய வகுப்பா, களப் பயிற்சியா?

பதினான்கு ஆண்டுகள் சிமென்டும் கம்பியும் சூளைச் செங்கல்லுமாக வீடுகள் கட்டிய பிறகு, சூழலுக்கு இசைந்த கட்டுமானத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று தோன்றியபோது எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பசுமைக் கட்டடங்களை மதிப்பிடும் அமெரிக்க முறையான லீட்டின் கிரீன் அசோசியேட் என்ற சான்றிதழ்த் தேர்வு ஒன்று. மத்திய அரசு ஆதரவில் இயங்கும் என்பிடெல் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் இணைய வகுப்பு இன்னொன்று. ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டின் அழுத்திய மண்கல் பயிற்சி மூன்றாவது. 2019 தொடங்கி மூன்றையுமே முடித்துவிட்டேன். என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டுவது வந்தவாசி, செய்யாறு வட்டாரத்தில் 1,200 சதுர அடிக்குள் அடங்கும் தனி வீடுகள். சென்னையில் பல மாடி அலுவலகம் கட்டுவோருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும்.

செலவையும் நாட்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்பிடெல் பாடங்களைக் கேட்கக் கட்டணம் கிடையாது. மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். லீட் தேர்வுக்கு டாலரில் கட்ட வேண்டும். ஆரோவிலுக்குப் போனால் பயிற்சிக் கட்டணத்தோடு தங்கும் செலவும் ஒரு வார வேலை இழப்பும் சேரும். இவற்றை யாரும் அரை மணி நேரத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

விசாரித்தும் தெரியாத ஒன்று, படித்து முடித்த பின் அந்தப் படிப்பைப் பராமரிக்க ஆகும் பாடு. வீடு கட்டுகிறவர்கள் நாம். வெள்ளையடிப்பதற்கும் தட்டோடு மாற்றுவதற்கும் ஆகும் செலவை முன்கூட்டியே சொல்லாத பொறியாளரை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நமக்கென்று ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதே கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

லீட் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்; 200க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. மூன்று மாதம் படித்தேன், தேறினேன். அந்தப் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். மனையின் அமைவு, தண்ணீர், ஆற்றல், பொருள், உள்ளறைக் காற்று ஆகிய அனைத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. அதுவரை பசுமை வீடு என்றால் மொட்டை மாடியில் சூரியத் தகடு என்ற அளவில்தான் நான் இருந்தேன். ஆனால் அந்தச் சான்றிதழைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 15 மணி நேரத் தொடர் கல்விக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 3 மணி நேரம் லீட் முறையைப் பற்றியே இருக்க வேண்டும். அடுத்த படியான லீட் ஏபி சான்றிதழுக்கு இது 30 மணி நேரம். கெடு தவறினால் மீண்டும் தேர்வு எழுத வேண்டும்.

நான் 11 மணி நேரம் சேர்த்தேன். கண்ணாடி முகப்பு பற்றி ஒன்று, மையக் குளிரூட்டு இயந்திரங்கள் பற்றி இரண்டு என்று நான் கேட்ட உரைகள் அனைத்தும், பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு மின்விசிறி மாட்டும் வீட்டுக்குச் சற்றும் பொருந்தாதவை. மீதி 4 மணி நேரத்துக்காக ஓர் இரவு மடிக்கணினியில் உரையை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. சான்றிதழைக் காலாவதியாக விட்டேன். 2025இல் லீட் ஐந்தாம் பதிப்பும் வெளிவந்துவிட்டதால், நான் மனப்பாடம் செய்த நான்காம் பதிப்பின் புள்ளிப் பட்டியல் இப்போது பழைய கதை.

உள்நாட்டு மதிப்பீட்டு முறைகள் நமக்கு நெருக்கமானவைதான். கிரிஹா என்ற இந்திய மதிப்பீட்டு முறை 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கானது; அதற்குக் குறைந்தவற்றுக்கு ஸ்வாகிரிஹா இருக்கிறது; இந்தியப் பசுமைக் கட்டட மன்றமான ஐ.ஜி.பி.சி.யிலும் வீடுகளுக்கென்று தனி முறை உண்டு. ஆனால் என்னிடம் வீடு கட்டியவர்களில் ஒருவர்கூட இதுவரை மதிப்பீட்டுச் சான்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் சாய்வே மாறியிருக்கக்கூடும்.

ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989இல் தொடங்கப்பட்டது. மண்கல் பயிற்சி ஒரு வாரம். 5 விழுக்காடு அளவில் சிமென்ட் கலந்து, ஈரமாக்கிய மண்ணைக் கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கி, சூளையில் சுடாமல் நான்கு வாரம் தண்ணீர் காட்டி ஆற வைப்பதுதான் முறை. சொல்வதற்கு இவ்வளவே. ஆனால் கல்லுக்கு மண் ஆகுமா, ஆகாதா என்பதைக் கையும் கண்ணும் மூக்கும் கொண்டு தீர்மானிக்கப் பழக்குவதில்தான் அந்தப் பயிற்சியின் பெரும் பயன் இருக்கிறது. மக்கல் வாடை அடிக்கும் மேல்மண் கல்லுக்கு ஆகாது. அதை ஒதுக்கித் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடிமண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வைத்தால், சரளையும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கும்; வண்டல் அரை மணி நேரத்தில் படியும்; களி படிய ஒரு நாள் ஆகும். சிமென்ட் சேர்க்கும் கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விழுக்காட்டுக்குப் பக்கத்தில் மண் இருக்க வேண்டும். களி கூடினால் மணல் சேர்க்க வேண்டும், அல்லது சிமென்டை விட்டுச் சுண்ணாம்புக்கு மாற வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்து கட்டிய முதல் வீட்டிலேயே நான் தவறு செய்தேன். வந்தவாசிக்கு அருகே ஓர் ஏரியை ஒட்டிய மனை. அடித்தளத்துக்கு வானம் தோண்டிய மண்ணையே கல்லாக்கலாம் என்று உரிமையாளரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, புட்டியைக் குலுக்கி வைத்த நான், பொறுமையின்றி முக்கால் மணி நேரத்தில் அளவெடுத்துவிட்டேன். களி அப்போது மேலே கலங்கல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதனால் என் கணக்கில் களி குறைவாகவும் மணல் கூடுதலாகவும் வந்தது. 300 கல் அடித்தோம். உலர உலரக் கல் சுருங்கி, மூலையிலிருந்து மூலைக்கு மயிரிழை விரிசல் ஓடியது.

மேஸ்திரி ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இது ஏரி மண்ணு. பானை வனையலாம், கல்லுக்கு ஆகாது. அன்னைக்கே சொல்லலாம்னு பார்த்தேன், நீங்க படிச்சிட்டு வந்திருக்கீங்களேன்னு சும்மா இருந்துட்டேன்.”

மறுநாள் அவரையே புட்டியைக் குலுக்கச் சொல்லி, இரவு முழுக்க விட்டுக் காலையில் இருவருமாக அளந்தோம். மணல் சேர்த்துக் கலந்த பிறகு, கையில் ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடச் சொன்னேன். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. சாணி போல் அப்படியே அமர்ந்தால் ஈரம் அதிகம். நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. மூன்றாவது உருண்டை நான்காக உடைந்தது. அதற்குப் பிறகு அந்த வேலையில் நான் மண்ணைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. தினமும் காலையில் அவரே பதம் பார்த்துக்கொண்டார்.

பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். களத்தில் கற்றதைப் புதுப்பிக்கக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு புது மனையின் மண்ணும் நம்மைத் திரும்பப் படிக்க வைக்கிறது. கற்றது நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் போகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஓராண்டு கல் அடிக்காமல் இருந்தால் கை மறந்துவிடும். பழக்கிய மேஸ்திரி பெங்களூருக்குப் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மேஸ்திரி இன்னும் என்னோடு இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேனோ என்னவோ.

இணைய வகுப்புக்கு உரிய மதிப்பை நான் குறைத்துவிட்டதாகத் தோன்றலாம். 2023இல் அதைப் படித்தபோதுதான் வெப்பம் சுவரில் எப்படிக் கடக்கிறது என்பது எனக்குத் தெளிவானது. தடித்த மண்சுவர் எங்கும் குளிர்ச்சி தரும் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் வாங்கிய சூட்டை வெளியேற்ற இரவு நன்றாகக் குளிர வேண்டும். கடலூர், சென்னை போன்ற புழுக்கமான கடற்கரை ஊர்களில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு என்பதால், அங்கே சுவரின் தடிமனைவிட நிழலும் காற்றோட்டமும் கூரையின் வெப்பத்தடுப்புமே அதிகம் உதவும். 2018இல் வந்த, குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா, சுவர், ஜன்னல் வழியே வீட்டுக்குள் புகும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் போடும் துணிவும் இதற்குப் பிறகே வந்தது. இந்த வகுப்புக்குப் புதுப்பித்தல் தொல்லையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வாரம், ஒவ்வொரு வாரமும் கெடுவுக்குள் வீட்டுப்பாடம் என்பது தளம் போடும் நாட்களில் ஓட்டத்தைக் கெடுக்கும். நானே மூன்று வாரப் பாடங்களைக் கோட்டைவிட்டேன்.

என் மண்கல் அனுபவம் நான்கு வீடுகள்தான். அவற்றில் மூத்ததற்கு மூன்று மழைக்காலமே ஆகியிருக்கிறது. அகலமான சன்ஷேடும், தரையிலிருந்து இரண்டடிக்குக் கருங்கல்லும் வைத்ததால் இதுவரை அரிப்பு இல்லை. இருபது ஆண்டு கழித்து அந்தச் சுவர் எப்படி நிற்கும் என்று இப்போதே சொல்லும் தகுதி எனக்கு வரவில்லை.

சிறு வீடுகள் கட்டுவோர் முதலில் களப் பயிற்சிக்கும், அடுத்து இணைய வகுப்புக்கும் போகலாம். பெருநிறுவன வேலை தேடுவோர் மட்டும் தேர்வை முன்னால் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்குப் போவதானால் ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். அந்த மாதங்களில் நனைந்த மண்ணைச் சலிக்க முடியாது. கற்றுத் திரும்பிய சூட்டோடு நம் மனையில் கல் அடித்துப் பார்க்கவும் வழியிருக்காது. தை பிறந்த பிறகு போனால், ஊர் திரும்பியதும் வெயில் கைகொடுக்கும்.