கார்டை மாற்றியும் அதே 24 எஃப்பிஎஸ்: விமான சிமுலேட்டர் கணினி வாங்குவோர் கவனத்துக்கு

"விமான சிமுலேட்டருக்கென்றே அமைத்தது" என்று சொல்லித் தலையில் கட்டப்பட்ட ஒரு கணினியைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்த விவரங்கள் இவை. விற்றவரின் பெயர் வேண்டாம். இதே வித்தையைப் பலரும் செய்கிறார்கள், பெயர் சொன்னால் கவனம் அந்த ஒருவர் மீதே போய்விடும்.

வாங்கியவரின் புகார் எளிமையானது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பெரிய விமான நிலையம், பயணிகள் ஜெட்டின் காக்பிட், கேட்டில் நிற்கும்போது 24 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (படம்). இறங்கும் கட்டத்தில், ஓடுபாதை கண்ணில் படும் நேரம் பார்த்து, படம் அரை நொடி உறைந்து உறைந்து ஓடுகிறது. விற்பனையாளர் முதலில் சொன்னது கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளைப் பற்றி: "ட்ரைவர் பழசு." தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைந்து 'ட்யூனிங்' செய்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம். மாற்றம் இல்லை. அடுத்து: "கார்டு போதாது." ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு, வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ மாட்டினார்கள். கேட்டில் நின்றால் அதே 24. மூன்றாவதாக வந்த பதில்: "கேம்லயே பிரச்சினை, அப்டேட் வந்தா சரியாயிடும்."

முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. சிமுலேட்டரின் ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, மேலே வரும் மெனுவில் 'டிஸ்ப்ளே எஃப்பிஎஸ்' தேர்ந்தெடுத்தால் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். இந்தக் கணினியில் அதில் இருந்தது: 'லிமிட்டெட் பை மெயின்த்ரெட்'. கிராஃபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் பிராசஸருக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பொருள். விமானத்தின் இயக்கக் கணக்கு, ஏவியானிக்ஸ் (விமானக் கருவி) திரைகள், மற்ற விமானங்களின் போக்குவரத்து, தரைக் காட்சியை எவ்வளவு தூரம் நுணுக்கமாகக் கொண்டுவருவது என்ற முடிவு என எல்லாமே பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு இழை (த்ரெட்) வழியாகத்தான் போகின்றன. அந்த இழை ஒரு ஃப்ரேமுக்கு 41 மில்லிநொடி எடுத்தால் எஃப்பிஎஸ் 24தான். உலகிலேயே விலை உயர்ந்த கார்டை மாட்டினாலும் 24தான்.

அந்தப் பெட்டியை நம்பாதவர்கள் இன்னொரு வழியில் பார்க்கலாம். படத்தை எத்தனை சதவீதத் தெளிவில் வரைவது என்று சொல்லும் ரெண்டர் ஸ்கேலிங்கை 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். படம் மங்கலாகும். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் கார்டு குற்றவாளி இல்லை. எகிறினால் கார்டுதான். எக்ஸ்-ப்ளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டுபவர்கள் டேட்டா அவுட்புட் பட்டியலின் முதல் வரியான ஃப்ரேம் ரேட்டைத் திரையில் காட்டச் சொன்னால் சிபியு (பிராசஸர்) நேரமும் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) நேரமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். எது பெரிதோ அதுதான் தடை. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒருவர் "கார்டை மாற்றுங்கள்" என்று சொன்னால், அவர் உங்கள் பர்ஸைத்தான் பார்க்கிறார்.

இனி பெட்டிக்குள் இருந்தவை. பிராசஸர் ரைசன் 5 3600, போர்டு பி550. இரண்டும் குறை சொல்லும்படி இல்லை. மெமரி 16 ஜிபி, ஆனால் ஒரே குச்சி. அதாவது ஒற்றைச் சேனல், நொடிக்குப் போகும் தரவின் அளவு (அலைவரிசை) பாதி. அந்தக் குச்சியும் 3200 வேகத்துக்கு உரியது, பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) மெமரியை அதற்குரிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி ஆன் செய்யப்படாததால் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகமும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். மெயின்த்ரெட்டில் சிக்கிய சிமுலேட்டருக்கு மெமரி வேகம் நேரடியாகப் பலன் தரும் விஷயம். கார்டுக்குக் கொடுத்த வித்தியாசத் தொகையை இதே போர்டில் உட்காரக்கூடிய 5800எக்ஸ்3டி போன்ற பிராசஸருக்கும் இரட்டைக் குச்சிக்கும் போட்டிருந்தால் கேட்டில் நிற்கும்போதே வித்தியாசம் தெரிந்திருக்கும். அந்த பிராசஸரில், உள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 96 எம்பி. சாதாரண 5800எக்ஸில் 32. சிமுலேட்டர்கள் அந்தக் கேஷை ஆசையாகத் தின்னும்.

இறங்கும்போது வந்த உறைதல் வேறு நோய். அதற்குக் காரணம் கார்டும், அதை மாட்டிய இடமும்.

முதலில் கொடுத்த 3050-இல் இருந்த தந்திரம்: பில்லில் 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் உண்டு. 8 ஜிபி கார்டில் 2560 கோர், 128 பிட் மெமரி பாதை, நொடிக்கு 224 ஜிபி அலைவரிசை. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட், 168 ஜிபி. வாங்கியவர் இணையத்தில் பார்த்த சோதனை வீடியோக்கள் எல்லாம் 8 ஜிபி கார்டுக்கானவை, கைக்கு வந்தது 6. இந்தக் குடும்பக் குழப்பம் நெடுநாளாக உள்ளது. ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி வகைக்கு 1152 கோர், 6 ஜிபி வகைக்கு 1280. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபிக்கு 192 பிட், 8 ஜிபிக்கு 128 பிட். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுபவற்றில் 2304-க்குப் பதில் 2048 ஷேடர் (கோர்) உள்ளவையும் கலந்திருக்கும். எல்லாவற்றிலும் மோசம் ஜிடி 1030: ஜிடிடிஆர்5 வகைக்கு நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 17-ஐக்கூடத் தொடாது. பெட்டியில் பெயர் ஒன்றேதான். இதை ஏமாற்று என்று சொல்வதா, தயாரிப்பாளரே திறந்துவைத்த கதவு என்று சொல்வதா தெரியவில்லை. விற்பவர் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார். ஆகவே பில்லில் பெயரோடு மெமரி அளவும் பிட் அகலமும் எழுதி வாங்குங்கள்.

மாற்றிக் கொடுத்த 4060 டிஐ-யிலும் அதே கதை. 16 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. வாய்ப்பேச்சில் 16, பெட்டியில் 8. போதாக்குறைக்கு அதை போர்டின் இரண்டாவது நீளமான ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள். பார்க்க 16 லேன் (தரவுப் பாதை) போல நீளமாக இருக்கும், மின் இணைப்பு 4 லேனுக்குத்தான், அதுவும் சிப்செட் வழியாக, பிசிஐஇ எனும் கார்டு இணைப்பின் 3.0 வேகத்தில். முதல் ஸ்லாட்டில் இருந்திருந்தால் இந்தக் கார்டுக்கு 4.0 வேகத்தில் 8 லேன், நொடிக்குச் சுமார் 16 ஜிபி. இரண்டாவதில் சுமார் 4.

கார்டின் சொந்த மெமரி நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ராமுக்குத் தள்ளும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'டெடிக்கேட்டெட்' கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு 'ஷேர்டு' கோடு ஏறத் தொடங்குவதைப் பார்க்கலாம். இறங்கும் நிலையத்தின் டெக்ஸ்ச்சர்கள் (பரப்புகள் மேல் போர்த்தும் படங்கள்) வந்து குவியும் நேரம் அதுதான். கார்டுக்குள் நொடிக்கு 288 ஜிபி ஓடிய தரவு, திடீரென்று 4 ஜிபி குழாய் வழியாக வர வேண்டும். அந்த அரை நொடி உறைதல் அங்கிருந்து வருகிறது. உடனடி மருந்து: கார்டை மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுவது, டெக்ஸ்ச்சர் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குவது. அல்ட்ராவிலிருந்து ஹைக்கு வந்தாலே மூச்சு விடும்.

இத்தனையையும் வெளியே காட்டியது ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் ஒரே திரை. அதில் பார்க்க வேண்டியவை: ஷேடர் எண்ணிக்கை, மெமரி வகையும் அளவும், பஸ் விட்த் (மெமரி பாதையின் பிட் அகலம்), பிறகு 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரி. அந்தக் கடைசி வரியில் '@' குறிக்கு முன் இருப்பது கார்டின் தகுதி, பின் இருப்பது இப்போது கிடைப்பது. சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த 1.1 வேகத்துக்கு இறங்கிவிடும், அதைக் கண்டு பதற வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டுப் படியுங்கள். பிக்சல்களை எழுதி முடிக்கும் அலகுகளான ஆர்ஓபி எண்ணிக்கையையும் ஒரு கண் பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 5090, 5070 டிஐ கார்டுகளில் சில, குறைந்த ஆர்ஓபியோடு ஆலையிலிருந்தே வந்தன. 5090-இல் 176-க்குப் பதில் 168, 5070 டிஐ-யில் 96-க்குப் பதில் 88. தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட குறை அது, மாற்றித் தர வேண்டும்.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு இன்னொரு பள்ளம். கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎஸ் 450 போன்ற அரதப் பழசான சிப்பை 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று விண்டோஸே நம்பும்படி செய்து விற்கிறார்கள். டிவைஸ் மேனேஜர் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம், அது பயாஸ் சொல்வதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. 2018 முதல் ஜிபியு-இசட் இவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன் 'ஃபேக்' என்று போடுகிறது. கண்ணாலேயே பிடிக்கவும் வழி உண்டு. ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சிப்புகளில் அனலாக் வெளியீடே கிடையாது. அந்த வரிசை என்று சொல்லும் கார்டின் பின்னால் நீல நிற விஜிஏ துளை இருந்தால் காசை எடுக்காதீர்கள்.

சரி, 'ட்ரைவர் ட்யூனிங்' என்ற பெயரில் என்ன செய்தார்கள்? மூன்று காரியம். ஒன்று, கண்டதையும் தேடி நிறுவும் ட்ரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்றைச் சந்தாவோடு ஏற்றினார்கள். கிராஃபிக்ஸ் ட்ரைவர் கார்டு தயாரிப்பாளரின் தளத்தில் இலவசம், இடைத்தரகர் எதற்கு? இரண்டு, ராம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ்ஃபைலை அணைத்தார்கள். 16 ஜிபி ராமோடு பேஜ்ஃபைல் இல்லாமல் சிமுலேட்டர் ஓட்டினால் நினைவகம் தீர்ந்த கணத்தில் ஒரு செய்தியும் இல்லாமல் டெஸ்க்டாப்பில் வந்து விழும். அதை மீண்டும் 'சிஸ்டம் மேனேஜ்டு' ஆக்க வேண்டும்.

மூன்றாவதுதான் விஷமம். ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே (TdrDelay) மதிப்பை 60-க்கு ஏற்றிவைத்திருந்தார்கள். கார்டு 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் ட்ரைவரை மீட்டெடுத்து, ஈவண்ட் வியூவரில் 4101 என்று பதிவு செய்யும். அந்த 2-ஐ 60 ஆக்கினால் பிழைச் செய்தி வராது, திரை மட்டும் ஒரு நிமிடம் வரை செத்துக் கிடக்கும். நோயைத் தீர்க்காமல் வலி தெரியாமல் மரத்துப்போக ஊசி போட்ட கதை. மதிப்பை மீண்டும் 2 ஆக்கி, கார்டோடு வந்த ஓவர்கிளாக் (கார்டை இயல்பைவிட வேகமாக ஓட்டும்) மென்பொருளை நீக்கி, கடிகார வேகத்தை இயல்புக்குக் கொண்டுவந்ததும் 4101 நின்றது.

ட்ரைவரைச் சுத்தமாக நிறுவ யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். புதிய ட்ரைவரையும் டிடியு என்ற நீக்கும் கருவியையும் முதலில் இறக்கிவையுங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். துண்டிக்காவிட்டால் நடுவில் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு பழைய ட்ரைவரைப் போட்டுவிடும். ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், பிறகு 4 அழுத்தினால் சேஃப் மோட். டிடியுவில் 'க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்'. திரும்பி வந்ததும் ட்ரைவரை நிறுவி, அதற்குப் பின்தான் இணையம். புது ட்ரைவரில் முதல் பறத்தல் திணறத்தான் செய்யும், ஷேடர் கேஷ் (காட்சியை வரையும் நிரல்களின் சேமிப்பு) மறுபடி உருவாகிக்கொண்டிருக்கும். அதே பாதையில் இரண்டாம் முறை பறந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

புதியது என்பதாலேயே நல்லது என்றும் இல்லை. என்விடியா 531.18, விளையாட்டை மூடிய பின்னும் பிராசஸரைத் தின்றது, அதைத் திருத்த 531.26 ஹாட்ஃபிக்ஸ் வந்தது. 2025 தொடக்கத்தில் 572 வரிசை பலருக்குக் கறுப்புத் திரை காட்டியது. ஒழுங்காக ஓடும் பதிப்பின் நிறுவியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விற்பனை நேரத்துச் செயல்விளக்கத்திலும் கவனம். கடலுக்கு மேல், பத்தாயிரம் அடியில், சின்ன செஸ்னாவோடு, ஃப்ரேம் ஜெனரேஷன் ஆன் செய்து 100 காட்டுவார்கள். ஃப்ரேம் ஜெனரேஷன் உண்மையான இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாக நுழைக்கிறது. மெயின்த்ரெட்டின் வேலை குறைவதில்லை, கைப்பிடியின் உணர்வும் வேகமாவதில்லை. குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டால் காக்பிட் திரையின் ஓடும் எண்கள் இழுபட்டுத் தெரியலாம். உயரம் காட்டும் அல்டிமீட்டரை உற்றுப் பாருங்கள். இரண்டையும் அணைக்கச் சொல்லி, பெரிய விமான நிலையத்தில், கனமான ஜெட்டில், நேரடிப் போக்குவரத்து ஆன் செய்து, கேட்டில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்-ப்ளேனுக்கு "ஏஎம்டி கார்டு ஆகாது" என்று சொல்லி விலை கூடிய கார்டைத் தள்ளுபவர்களும் உண்டு. ஓபன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறையின் காலத்தில் அதில் உண்மை இருந்தது. 11.50 பதிப்பில், 2020-இலேயே, வல்கன் என்ற புதிய முறை வந்துவிட்டது.

கணினி கைக்கு வந்த அன்றே, திருப்பித் தரும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கார்டின் சீரியல் எண், எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்ற படம், ஜிபியு-இசட் திரை, எஃப்பிஎஸ் பெட்டி தெரியும்படி கேட்டில் நின்ற இரண்டு நிமிட வீடியோ என நான்கையும் எடுத்து விற்றவருக்கே அனுப்பிவையுங்கள். மேலே சொன்ன கணினிக்குக் கார்டின் வித்தியாசத் தொகை திரும்பி வந்தது பில்லில் மெமரி அளவு இல்லை என்ற வாதத்தால் அல்ல, இரண்டாவது ஸ்லாட்டின் படத்தால். ட்யூனிங் கட்டணம் இன்னும் வரவில்லை.