செபரேட்டருக்கு கைடட் வேவ் ரேடார்: வாங்கலாமா?

எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கலன்தான் செபரேட்டர். அதற்குள் ஒரு கம்பி வழியே ரேடார் துடிப்பை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் திரவ மட்டத்தை அளக்கும் கருவி இது. பழைய டிஸ்பிளேசரை (மிதப்பு விசையால் மட்டம் அளக்கும் உருளை) மாற்ற நினைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நகரும் பாகம் கிடையாது. எண்ணெயின் அடர்த்தி மாறினாலும் மேல்மட்ட அளவு பிசகாது. இரண்டு வயரில் 4–20 மில்லியாம்பியர் சிக்னல், அதே வயரில் டிஜிட்டல் தகவல் அனுப்பும் ஹார்ட் (HART) வசதியும் உண்டு.

டைஎலெக்ட்ரிக் மாறிலி (ஒரு பொருளின் மின் பண்பைக் காட்டும் எண்) சட்டென மாறும் இடத்தில்தான் ரேடார் துடிப்பு எதிரொலிக்கும். எண்ணெயின் மாறிலி சுமார் 2, தண்ணீருக்குச் சுமார் 80. அதனால் எண்ணெய் மேற்பரப்பு, நீர் எல்லை இரண்டிலிருந்தும் எதிரொலி கிடைக்கும். எண்ணெயின் மாறிலியைத் தவறாகப் பதித்தால் எல்லை மட்டம் தள்ளிக் காட்டும். நடுவே எண்ணெயும் நீரும் கலந்து நிற்கும் எமல்ஷன் அடுக்கு தடித்தால் எல்லை எதிரொலியே மங்கிவிடும். பெரிய குறை இதுதான். அப்போது, எமல்ஷனைப் பிரிக்கச் சேர்க்கும் ரசாயனமான டீமல்சிஃபையரின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெழுகு படியும் கச்சா எண்ணெய்க்குக் கோஆக்சியல் புரோப் (குழாய்க்குள் கம்பி வைத்த வகை) வேண்டவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும். ஒற்றைக் கம்பியே சரி. நாசில் (கருவியைப் பொருத்தும் குழாய் வாய்) உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால் போலி எதிரொலி வரும். அதைக் கருவி ஒதுக்க, வெசல் (கலன்) காலியாக இருக்கும்போதே எதிரொலி வரைபடத்தைச் சேமித்துவிடுங்கள்.