கற்றல் ஏணியா, அரும்பு மொட்டு மலரா?

வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது வேகம் இருக்கும். அதற்கு ஏற்றபடி பாடம் நடத்த, நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவள் என்பதால் இந்த அலசல்.

முதலாவது செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி என்ற இடத்தில் பள்ளிகளில் நடந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறை. சுவரில் ஓர் ஏணிப் படம், படிக்கு ஒரு சின்னம். பிள்ளை தன் படியைப் பார்த்து, அதே சின்னம் உள்ள அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஆளுக்கு ஒரு துண்டு கரும்பலகை.

அடுத்தது எண்ணும் எழுத்தும். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளையின் நிலையைச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக்கொண்டு நடத்த வேண்டும்.

ஏணியின் பெரிய பலம், லீவு போட்ட பிள்ளை. கரும்பு வெட்டுக்கு அப்பா அம்மாவோடு போய் இருபது நாள் கழித்து வருகிறவன், விட்ட படியிலேயே தொடரலாம். "பாடம் போயிடுச்சு டீச்சர்" என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று குழு முறையில் அவன் வரும்போது அவன் குழு வேறெங்கோ போயிருக்கும்.

ஆனால் ஏணி பிள்ளையை மறைத்தும் விடும். ஒருவன் தமிழ் ஏணியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தான். அட்டையில் 'பட்டம்' என்று கணீரென்று படித்தான். படத்தை மட்டும் கையால் மூடிவிட்டு மறுபடி படி என்றேன். முழித்தான். அத்தனை நாளும் படத்தைத்தான் படித்திருக்கிறான்! ஆளுக்கு ஓர் அட்டை என்று நடக்கிற வகுப்பில் டீச்சர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது, மற்றவர்கள் படிக்கிறார்களா, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஒப்பேற்றுகிறார்களா என்று எப்படித் தெரியும்? அப்புறம், அட்டை தொலைவது தனிக்கதை.

மூன்று குழு என்றால் பத்துப் பேரின் வாயசைவு என் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஒருவருக்கு 'ல', 'ள' குழம்புகிறது என்றால் அன்றைக்கே பிடித்துவிடலாம். அதனால் மொழிப்பாடத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூன்று வகுப்புக்கும் ஒரே டீச்சர் இருக்கும் பள்ளியில் வேறு வழியும் இல்லை.

கணக்கில் எனக்கு இன்னும் ஏணிதான் பிடிக்கும். பத்துப் பத்தாகத் தீக்குச்சி கட்டத் தெரியாத பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது ஏறவே ஏறாது. எந்தப் படி விட்டுப்போனது என்பதை ஏணி காட்டிக்கொடுக்கும். 'மொட்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்த விவரம் கரைந்துபோகிறது.

எல்லாருக்கும் ஒரே பாடம் என்ற பழைய முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதைக்கும் பாட்டுக்கும் சரி. வாசிப்புக்கு அது நடுவரிசைக்கு மட்டுமே பாடம்.

குழு முறையில் எனக்கு உறுத்துவது பெயர் ஒட்டிக்கொள்வது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரும்பில் இருந்தாள், இரண்டாம் வகுப்புத் தம்பி மொட்டில். அவன் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு "அக்கா இன்னும் அரும்பு" என்று கத்திவிட்டான். அன்றிலிருந்து பக்கத்தை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினாள்.

நிலை பாடத்துக்குப் பாடம் மாறலாம் என்பது நல்லதாகப் போயிற்று. கணக்கில் அவள் மலர். கழித்தல் நடக்கும்போது தீக்குச்சிக் கட்டுகளை அவளிடம் கொடுத்து, தம்பி இருக்கும் குழுவில் உட்கார வைத்தேன்.