ஏடிஎஸ்-பி அலைவாங்கி: விமானங்களின் திறனை அறிய எந்த அளவுக்கு உதவும்?

விமானங்கள் ஏடிஎஸ்-பி என்னும் முறையில் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாது அனுப்பும் உயரம், வேகம், இருப்பிடம் ஆகிய விவரங்களைப் பிடித்துக் கணினித் திரையில் காட்டும் யுஎஸ்பி அலைவாங்கி ஒன்றை, இணையக் கடையில் 150 ரிங்கிட்டுக்குள் வாங்கி, பாடாங் செராயில் உள்ள எங்கள் தாமான் வீட்டில் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நமக்கு மேற்கே பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் தென்மேற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையமும் இருப்பதால், போர் விமானம், பயணிகள் விமானம் இரண்டின் திறனையும் வீட்டிலிருந்தே ஒப்பிட்டுவிடலாம் என்று எண்ணி இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு விமானம் இந்த நொடியில் என்ன செய்கிறது என்பதையே இக்கருவி காட்டும். அதனால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டாது.

கருவியோடு வரும் காந்த அடி ஆண்டெனாவைச் சன்னலோரம் வைத்தால் பயன் குறைவு. அதைப் பிஸ்கட் டின் மூடியின் நடுவில் ஒட்டவைத்து, கம்பியை ஏறத்தாழ 6.9 செ.மீ. நீளத்துக்கு, அதாவது அலைநீளத்தின் கால் பங்குக்கு, வெட்டி, கூரை உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் திரை நிறையத் தொடங்கியது. இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. ஆகவே 35,000 அடியில் பறக்கும் விமானத்தைக் கணக்குப்படி 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் பிடிக்கலாம் என்றாலும், வடக்கே 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைக்குப் பின்னால் தாழப் பறப்பவை தெரிவதில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனை மரங்கள் மழையில் நனைந்திருக்கும்போது அந்தப் பக்கத்து வரவேற்பும் குறைகிறது. விற்பனையாளர் தந்த ஒற்றைத் தாள் விளக்கத்தில் இவை எதுவும் இல்லை.

பயணிகள் விமானங்களைப் பொறுத்தவரை கருவி கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. சுபாங்கிலிருந்து பினாங்கு வரும் ஏடிஆர் 72 என்னும் டர்போபிராப் (எஞ்சின் சுழற்றும் விசிறியால் உந்தப்படும்) விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. ஏர்பஸ் ஏ320 நீள்பயண உயரத்தில் ஏறத்தாழ மாக் 0.78 (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) வேகத்தில், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில், பறக்கும். தாளில் பார்த்தால் இது பெரிய இடைவெளி. ஆனால் 10,000 அடிக்குக் கீழே ஜெட் விமானங்களும் பொதுவாக 250 நாட் (மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர்) வேகத்துக்குள் அடங்கியே பறப்பதாலும், பினாங்கு – கோலாலம்பூர் போன்ற குறுந்தடத்தில் பாதிப் பயணம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடுவதாலும், அந்த இடைவெளி சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுவதைத் திரையில் கண்கூடாகக் காணலாம். எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் டர்போபிராப் இத்தகைய தடங்களில் இன்னும் ஏன் நிலைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. திரையில் தெரிவது தரைவேகம் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எதிர்க்காற்றில் அது குறையும், பின்காற்றில் கூடும். அதை வைத்து விமானத்தின் திறனை அளப்பது தவறு.

போர் விமானங்களிடம் வந்தால் கருவி ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. மலேசிய அரச விமானப்படை 1997-இல் பெற்ற எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட் விமானங்கள் பட்டர்வொர்த்தில்தான் உள்ளன. காது அடைக்கும் இரைச்சலோடு தலைக்கு மேலே செல்லும் விமானம் திரையில் இருப்பதில்லை, ஏனெனில் இருப்பிடத்தை அறிவிக்க வேண்டிய கட்டாயம் போர் விமானத்துக்கு இல்லை. ஏ400எம் போன்ற படைப் போக்குவரத்து விமானம் எப்போதாவது தென்படலாம், அவ்வளவே.

எனவே ஹார்னெட்டின் திறனை அறிய வெளியிடப்பட்ட விவரங்களைத்தான் நாட வேண்டும், அவையும் சுவையானவை. அதன் இரு எஞ்சின்களில் ஒவ்வொன்றும் ஆஃப்டர்பர்னரை (வெளியேறும் வாயுவில் கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் பகுதியை) மூட்டிய நிலையில் தருவது ஏறத்தாழ 79 கிலோநியூட்டன் உந்துவிசை. போயிங் 737-800 விமானத்தின் ஓர் எஞ்சினோ 117 கிலோநியூட்டன் அளவுக்குத் தரும். எஞ்சினின் பலத்தை மட்டும் பார்த்தால் பயணிகள் விமானமே வலியது! ஆனால் ஹார்னெட்டின் உச்ச எடை 23.5 டன், 737-இன் உச்ச எடை 79 டன். ஒரு டன் எடைக்குக் கிடைக்கும் உந்துவிசை போர் விமானத்தில் இரு மடங்குக்கும் அதிகம் என்பதால்தான் அது ஏறத்தாழ செங்குத்தாக ஏறுவதும் மாக் 1.8 வரை விரைவதும் கைகூடுகின்றன. அந்த மாக் 1.8-உம் காற்று மெலிந்த உயரத்தில் மட்டுமே கிட்டுவது. பாடாங் செராயின் கூரைகளுக்கு மேலே எவரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஏறும் வேகத்தையும் திசையையும் மெய்யான எண்களாகக் காட்டும் பாடக்கருவி இந்த விலையில் வேறு கிடைப்பது அரிது. ஹார்னெட்டைத் துரத்த விரும்புகிறவர்கள் அதே பணத்தை ஒரு நல்ல தொலைநோக்கிக்காகச் சேர்த்து வைக்கலாம். வாங்குவதாக இருந்தால் 1090 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டி உள்ளேயே அமைந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். அருகில் கைப்பேசிக் கோபுரம் இருக்கும் தாமான்களில் அது இல்லாமல் வரவேற்பு பாதிக்கப்படும். ஆண்டெனா கம்பிவடத்தையும் கூடிய மட்டும் குட்டையாக வைத்துக்கொண்டு, யுஎஸ்பி பக்கத்தை நீட்டிக்கொள்வது நல்லது.