சிகு: உறைந்த கடலில் போகிறவர்களின் செயலி

காலநிலை மாற்றத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வரும் செயலிகளில் பாதி, எங்கேயோ உட்கார்ந்து யாரோ செய்தவை. சிகு அப்படி இல்லை. கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் உள்ள சனிகிலுவாக் என்ற சின்ன ஊரில் வேரூன்றிய ஆர்க்டிக் ஈடர் சொசைட்டி என்ற அமைப்பு 2019 டிசம்பரில் கொண்டுவந்தது இது.

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்குக் கடல்பனிதான் சாலை, அதுதான் வேட்டைக்களம். இப்போது பனி தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உடைகிறது, பெரியவர்கள் சொன்ன கணக்கு சில இடங்களில் தப்பிப்போகிறது. ஒரு வேட்டைக்காரர் ஈட்டியால் குத்திப் பார்த்து இந்த இடம் மெலிசு என்று கண்டால், அங்கேயே போட்டோ எடுத்து வரைபடத்தில் ஆபத்து என்று குறித்துவிடலாம், பின்னால் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில் வருகிறவர் அதைப் பார்த்துச் சுற்றிப் போவார். செயற்கைக்கோள் படம், வானிலை, கடல் ஓதம் எல்லாம் அதே திரையில். பனி வகைகளை அவர்கள் மொழிப் பெயரிலேயே பதியலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பதிவு செய்தவருக்கே தரவு சொந்தம் என்பது. யார் பார்க்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். ஆய்வாளர்கள் வந்து தரவை அள்ளிக்கொண்டு போன காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, குறை? வடக்கே இணையம் மெதுவு, விலையும் அதிகம், படங்கள் இறங்க நேரமாகும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்துகொள்ளலாம், ஊர் திரும்பியதும் ஏற்றினால் போதும்.