.30-06 போதுமா, மேக்னம் வேண்டுமா? இரண்டையும் வருடக்கணக்கில் சுட்ட அனுபவம்

என்னிடம் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா சுடும் ரைபிள் ஒன்றும், அதைவிட அதிக மருந்து கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா சுடும் ரைபிள் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுமே ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன், குண்டின் விட்டமும் ஒன்றுதான், .308 அங்குலம். முன்னது 1906-இல் ராணுவத்துக்காக வந்தது, பின்னது 1963-இல் வந்தது. பல வருடம் மாற்றி மாற்றிச் சுட்டாகிவிட்டது, இன்றைக்கும் வேட்டைக்குக் கிளம்பும்போது கை போவது .30-06 பக்கம்தான்.

முதலில் எல்லோரும் கேட்கும் வேகக் கணக்கு. 180 கிரெய்ன் எடையுள்ள (சுமார் 11.7 கிராம்) குண்டை .30-06 நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் தள்ளும், மேக்னம் சுமார் 2,950. ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். சரி, இரண்டையும் 200 கஜத்துக்கு ஜீரோ செய்துவிட்டு, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படுமாறு ஸ்கோப்பை அமைத்துவிட்டு, 300 கஜத்தில் சுட்டுப் பாருங்கள், குண்டு இறங்குவதில் வித்தியாசம் ஒன்றரை அங்குலம் போலத்தான் வரும். ஒரு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் அதைவிடப் பல மடங்கு பெரியது. 400 கஜத்தைத் தாண்டினால்தான் மேக்னத்துக்கு உண்மையான வேலை, ஆனால் அந்தத் தூரத்தில் காற்றைக் கணிக்கத் தெரியாவிட்டால் எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது.

இந்த 20 சதவீதத்துக்குத் தோள் கொடுக்கும் விலை அதிகம். ஒரே எடையுள்ள ரைபிளில் உதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது உடம்புக்குப் பழக்கிவிடும் பயம்தான் தொல்லை. பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் நான் செய்து பார்ப்பது ஒன்று உண்டு: அவர்கள் பார்க்காதபோது நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுப்பேன். டிரிகர் விழுந்து ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும், ஆனால் குழல் முனை நன்றாகக் கீழே குத்தும், கண் இறுக மூடியிருக்கும், தோள் முன்னால் தள்ளியிருக்கும். .30-06-இல் சுத்தமாகச் சுடுகிறவர்கள்கூட மேக்னத்தைக் கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் இப்படி ஆகிவிடுவார்கள். குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் போட்டால் உதை நிஜமாகவே குறையும், ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காது அதற்குப் பலி. காதுக் கவசம் இல்லாமல் அதைச் சுடவே கூடாது.

இறைச்சி விஷயமும் இருக்கிறது. கிட்டத்தில், 50 அல்லது 60 கஜத்தில், சாதாரண மெல்லிய உறைக் குண்டை மேக்னத்தில் சுட்டால் அது சிதறி, தோள்பட்டை முழுக்க ரத்தம் கட்டி ஜெல்லி மாதிரி ஆகிவிடும், வெட்டித் தூக்கிப் போட வேண்டியதுதான். உறையும் உள்ளே உள்ள ஈயமும் ஒட்டியிருக்கும் பாண்டட் குண்டோ முழுச் செம்புக் குண்டோ போட்டால் இது பெரும்பாலும் தீரும்.

சின்னச் சின்னச் சங்கடங்களும் உண்டு: குழல் நீளமாக வேண்டும், மேகஸினில் பெரும்பாலும் 3 தோட்டாதான், அதே துளை வழியாக அதிக மருந்து எரிவதால் குழலின் தொண்டை (குண்டு குழலுக்குள் நுழையும் இடம்) சீக்கிரம் தேயும். அப்புறம் மேக்னம் தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியைச் சுற்றி வளையமாக இருக்கும் அந்த பெல்ட். அதனால்தான் கூடு பலமாக இருக்கிறது என்று சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை. 1912-இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் போன்ற தோட்டாக்களின் சரிவான தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) கொண்ட கூடுகள், குழலின் பின்பக்க அறையான சேம்பரில் சரியாக நிற்பதற்கு அது தேவைப்பட்டது. .300-க்கு நல்ல தோள் இருப்பதால் அது வெறும் பரம்பரைச் சொத்து. சுட்ட கூட்டில் மீண்டும் கையால் தோட்டா நிரப்புகிறவர்கள், கூட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் டையைத் தோளுக்குப் பொருந்துமாறு அமைத்துக்கொள்ளாவிட்டால் பெல்ட்டுக்குச் சற்று மேலே கூடு மெலிந்து அறுந்துபோகும்.

திறந்த மலைச்சரிவு, எல்க் போன்ற பெரிய விலங்கு, கிட்டே போக வழியே இல்லை என்றால் மேக்னத்தை எடுத்துச் செல்வேன், 200 கிரெய்ன் குண்டை அது அழகாகக் கொண்டுபோகும். வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் எடை குறைந்த மாடல் பக்கமே போகாதீர்கள். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே மூன்றரை அங்குலமாவது இருக்கிறதா என்று பாருங்கள், உதையில் ஸ்கோப் இடித்துப் புருவம் கிழிந்து ரத்தம் வழிய நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.